பலகையில் எழுதிய பன்னிரண்டு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

உன் தம்பிதான் எழுதுகிறேன். கேட்பவர்களிடம் எல்லாம் செத்துப்போய்விட்டான் என்று நீ சொல்லிவைத்திருக்கிற அதே தம்பி. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கப் போயிருப்பாய். பாதி கிழித்திருந்தாலும் மீதியைப் படித்துவிடு, ஒரு பக்கம்தான்.

என் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. மார்ச் பத்தாம் தேதி அறுவை சிகிச்சை. என் வயதில் பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். இதை எழுதுவது உன் இரக்கத்தைக் கேட்டு அல்ல. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

அன்று காலை நான் ஆற்று அளவுக் கம்பத்துக்குப் போனேனா?

சிரிக்காதே. படகு விபத்து விசாரணையில், போனேன் என்று சொன்னேன், முப்பத்தொரு வருடமாக அதையேதான் சொல்லி வருகிறேன். கேட்டால் இப்போதும் சொல்லுவேன்: பின்கதவைத் திறந்தேன், படி இறங்கினேன், கம்பத்தில் தண்ணீர் பன்னிரண்டாவது அடிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, அதன் மேல் இளவெயில் பட்டுக் கண் கூசியது.

போன மாதம் படுக்கையில் கிடந்தபோதுதான் உறைத்தது. அன்று வெயிலே இல்லை, அக்கா. காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது என்று விசாரணையில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்படியானால் நான் கண்ணுக்குள் வைத்திருப்பது எந்தக் காலை? ஆற்று மட்டம் அளக்கும் வேலையில் பதினோரு வருடம் தினமும் அதே படியில் இறங்கியவன் நான். எந்தக் காலையை எடுத்து இந்தக் காலைக்குள் வைத்தேன்?

உனக்கு எதுவும் மறக்காது. அதனால் கேட்கிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. வேறு எப்படி எழுதுவது, அளவுக்காரர் அவர்களுக்கு என்றா? அதனால் யாருக்கும் இல்லாமல் எழுதுகிறேன்.

எனக்கு மறக்காது என்கிறாய். உண்மைதான். ஏழு வயதில் என் நீலக் கோப்பையின் காதை உடைத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாய். கேட்டதற்குப் பூனை உடைத்து அரிசிக்குள் புதைத்துவிட்டது என்றாய். பூனை கோப்பையை உடைக்கும், சரி. காதைத் தனியாக எடுத்து அரிசிக்குள் புதைக்குமா? அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ பொய் சொல்லும்போது தேவைக்கு மேல் ஒரு சேதி சொல்லுவாய். என் கல்யாணப் போட்டோவில் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். என் வீட்டுக்காரர் போனபோது மூன்று நாள் இருந்துவிட்டு லீவு இல்லை என்று கிளம்பினாய். உன் பெண்டாட்டி என் முகத்துக்கு நேராக, "உங்க பையனுக்கு நாங்கதான் வேலை வாங்கிக் குடுத்தோம்"னு சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னாள். கையில் துவைத்த துணி இருந்தது. எதை விடுவது?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரியும். விசாரணையில் சொன்னதையே இன்னொரு தடவை சொல்கிறேன், வாங்கிக்கொள்.

காலை ஆறரை. என் கையில் உனக்குப் பால். உன் பெண்டாட்டி பிறந்த வீட்டில் இருந்தாள். உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். முன்வாசல் படியில் உன் செருப்பு கிடந்தது. பழுப்புத் தோல், இடது காலில் வார் அறுந்து கயிறு கட்டியது. குனிந்து அதை ஓரமாக நகர்த்தினேன். காய்ந்திருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. என் சின்னவள் பச்சைக் கவுனோடு கதவுக்குப் பக்கத்தில் நின்று, "மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா"ன்னு கேட்டாள். உள்ளே நீ போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய்.

நீ போகவில்லை. படுத்த இடத்திலிருந்தே எழுதினாய். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் என் மகன் படகுத்துறைப் பலகையில் பன்னிரண்டு என்று எழுதினான். பதினாலைத் தாண்டினால் படகு எடுக்கக் கூடாது என்பது சட்டம். பன்னிரண்டு என்றால் எடுக்கலாம். எடுத்தான். அவனையும் சேர்த்து ஏழு பேர் ஏறினார்கள், மற்ற ஆறு பேர் கரை சேர்ந்தார்கள்.

நெட்டையன் என்று அவனுக்குப் பேர் வைத்தது நீ. ஓடம் செய்கிறவன் அளவுகோல் இல்லாவிட்டால் இவனைப் படுக்கவைத்து அளவெடுக்கலாம் என்று கேலி செய்தாய். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பதில் கேட்டாய். சொல்லிவிட்டேன்.

*

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. இரண்டு தடவை படித்தேன். கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடியது வேண்டுமென்று இல்லை, வெளிச்சம் அடித்தது. எழுபத்திரண்டு வயதில் இதையாவது நம்பு.

செருப்பைப் பற்றி விசாரணையிலேயே சொன்னேன். கம்பம் வீட்டுக்குப் பின்னால், நாற்பது அடி தூரம். பின்கதவு வழியாக வெறுங்காலோடுதான் போவேன். பாசிப் படியில் செருப்போடு இறங்கினால் ஆளே போய்விடுவான். முன்வாசல் செருப்பு எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். "இப்போ யோசிச்சுச் சொல்றீங்களா"ன்னு கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேலை போயிற்று.

இது நீ கேட்ட கதை. நீயோ அவர்களோ கேட்காத ஒன்று இருக்கிறது. என் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. கண்ணால் பார்த்த அளவை மையில் எழுத வேண்டும். வெள்ளமோ நோயோ, ஏதோ காரணத்தால் போக முடியாமல் முந்தைய நாட்களை வைத்துக் கணித்த அளவைப் பென்சிலில் எழுத வேண்டும். பின்னால் எந்த அதிகாரி புரட்டினாலும் எது பார்த்தது, எது யோசித்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? நல்ல விதி. நான்தான் அதைக் கெடுத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் ஒரு விளையாட்டு தொடங்கினேன். எழுந்ததும், ஜன்னலைக்கூடத் திறக்காமல், இன்றைக்கு இவ்வளவு இருக்கும் என்று பென்சிலால் மெல்ல எழுதிவைப்பேன். பிறகு போய்ப் பார்த்துவிட்டு அதன் மேலேயே மையால் எழுதுவேன். தப்பாக இருந்தால் அழித்துவிட்டு எழுதுவேன். வரவர அழிப்பதற்கு வேலையே இல்லாமல் போனது. படகு விபத்து நடந்த வருடம் நாற்பத்தாறு நாள் தொடர்ந்து சரியாக வந்தது. நாற்பத்தாறு. ஆற்றை நான் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம்.

நாற்பத்தேழாவது நாள் அது.

நோட்டில் மை இருந்தது. அதன் கீழே பென்சிலும் இருந்தது. எல்லா நாளும் அப்படித்தான். காய்ச்சலில் எழுந்து பென்சிலால் பன்னிரண்டு என்று எழுதியது நினைவில் இருக்கிறது. மையை எடுத்தது நினைவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எழுந்து போனேனா? இல்லை, நாற்பத்தாறு நாள் தப்பாதது இன்றைக்கா தப்பப்போகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே மேலே மையை இழுத்தேனா?

போயிருந்தால் கால் நனைந்திருக்கும். பின்கதவிலிருந்து மேஜை வரைக்கும் சிமெண்ட் தரையில் ஈரத்தடம் இருந்திருக்கும். தினமும் அதற்காக என்னைத் திட்டுவாய். பால் வைக்க நீ அடுக்களைக்குப் போனது அந்தத் தரையில்தான்.

தரை ஈரமாக இருந்ததா, அக்கா? அதை மட்டும் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 26

என் பிள்ளை உயிரை வைத்து விளையாடியிருக்கிறாய். அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறாய், விளையாட்டு என்று. உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன், போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்காதே.

இந்த வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தரையை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். வாசல் வருகிறது, செருப்பு வருகிறது, கயிறு கட்டிய வார் வருகிறது, சின்னவளின் பச்சைக் கவுன் வருகிறது. உள்ளே காலை வைத்தால் ஒன்றும் வரவில்லை. சரி, அவளும் அங்கே இருந்தாளே, அவள் பார்த்திருப்பாள் என்று கேட்டேன். இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கே பேரன் வரப்போகிறான்.

"அன்னிக்கு மாமா வீட்டுத் தரை ஈரமா இருந்துச்சாடி?"

"என்னைக்கு?"

"என்னைக்குன்னு கேக்குறா பாரு. அண்ணன் போன அன்னிக்கு."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் அன்னிக்கு அங்க இல்லியே."

"இல்லாம? கதவுகிட்ட நின்ன. பச்சைக் கவுன் போட்டிருந்த."

"எனக்கு அப்போ பதினெட்டு வயசும்மா. கவுனா போடுவேன்? பரீட்சைக்காக விடுதியில இருந்தேன். வார்டன் கூப்பிட்டுச் சொன்னாங்க. பஸ்ல வந்து இறங்குறப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. நீதான் என்னைப் பாத்து, இப்பத்தான் வர்றியான்னு கேட்ட."

நான் சண்டை போட்டேன். உனக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்காது என்றேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் தேவலாம்.

அவளுக்குப் பதினெட்டுதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பச்சைக் கவுன் பத்து வயதில் தைத்தது. உனக்குக் காய்ச்சல் அப்போதும் வந்திருக்கும், நான் பாலும் கொண்டுவந்திருப்பேன். ஆனால் கண்ணை மூடினால் அவள் அங்கேதான் நிற்கிறாள், இந்த நிமிஷமும். அவளை அந்த வாசலிலிருந்து பிய்த்து எடுக்கப் பார்த்தால் கதவும் கூட வருகிறது, செருப்பும் கூட வருகிறது.

தரை எனக்கு நினைவில்லை. இந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. உன்னால் எழுதினேன். இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

*

மார்ச் 2

அக்காவுக்கு,

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. உன்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் ஆட்டிவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எதற்கு என்று தெரியாமல் எப்படிக் கேட்பது என்பதுதான். இதற்குத் தெரியும். இதற்குக் கேட்கிறேன்.

வேலை போன பிறகு அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருபது வருடம் இருந்தேன். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். நன்றாகத் தெரிந்த சொல்லைக் கண் படிப்பதில்லை. முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை அதுவே நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் பெரிய பிழைகள் எல்லாம் தலைப்பிலேயே தப்பித்துப் போகும். ஒரு தடவை முதலாளியின் பெயரையே தப்பாக விட்டேன், மூன்று பேர் பார்த்தும்.

அப்போதிருந்து மூன்றாவதாக ஒன்று என்னை அரிக்கிறது. நான் போயிருக்கலாம். இறங்கியிருக்கலாம். தண்ணீர் பதினான்கைத் தாண்டி நின்றிருக்கலாம். காய்ச்சல் கண்ணோடு நான் பார்த்தது கம்பத்தையா, என் பென்சிலையா? அப்படியானால் தரை ஈரமாக இருந்தும் பயனில்லை. இல்லை, அப்போது பன்னிரண்டாகவே இருந்து பிறகு ஏறியிருக்கலாம். ஆற்றின் மேல்பகுதியில் இருந்த அளவு நிலையத்துக்குத் தொலைபேசி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை, எப்போது தண்ணீர் ஏறத் தொடங்கியது என்று அந்த ஆற்றைத் தவிர யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு கதவு திறக்கிறது, அதற்குள் இன்னும் இரண்டு கதவு.

யோசித்தால் விடை வரும் என்று நம்பியவன் நான். முப்பத்தொரு வருடம் யோசித்தேன். போதும். நீ யோசிக்காதே. சின்னவள் வீட்டில் நிம்மதியாக இரு. ஏழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன், தேவைப்படாது.

தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

எனக்கு நினைவு வந்துவிட்டது. தரை ஈரமாக இருந்தது. நீ போனாய், பார்த்தாய், பார்த்ததைத்தான் எழுதினாய். தண்ணீர் பிறகு ஏறியது. உன் மேல் தப்பு இல்லை.

நிம்மதியாகப் போய்ப் படு.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

ஜன்னல் பக்கம் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் லாரி ஓட்டியவர், நர்ஸ் வரும்போதெல்லாம் தூங்குவதுபோல நடிக்கிறார். நல்ல மனிதர். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. வெகுநேரம் மார்பின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நீ எனக்கு இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதினாய். ஒன்றில் அரிசி டப்பாவும் கோப்பையின் காதும் இருந்தன. என் பெண்டாட்டி கையில் இருந்த துவைத்த துணிகூட இருந்தது. நீ ஒன்றைப் பார்த்திருந்தால் அதைச் சுற்றி இருந்த எல்லாவற்றோடும்தான் எழுதுவாய். இந்தத் தரையில் ஒன்றுமே இல்லையே. எத்தனை தடம், நீ வழுக்கினாயா, என்னை என்ன சொல்லித் திட்டினாய், எதுவும் இல்லை. ஆறு வாக்கியம்.

நீ பார்க்கவில்லை. எனக்காக எழுதினாய்.

கோபம் இல்லை. என்னைக் கொலைகாரன் என்று முப்பத்தொரு வருடம் உண்மையாக நம்பியவள், ஒரு பொய்யால் என்னை எழுப்பி உட்காரவைக்கப் பார்த்திருக்கிறாய். போனேனா என்று தெரிந்துகொண்டு சாகத்தான் உனக்கு எழுதினேன். அது தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. அதை எந்தக் கம்பத்தில் அளப்பது என்று தெரியாமல் அழுதேன். லாரிக்காரர் நடிப்பை விட்டுவிட்டு எழுந்து வந்து, "வலிக்குதா சார்?"னு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு.

உன் தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

உன் மகள் போன் செய்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் குரலை முதல் தடவை கேட்கிறேன், உன் பெண்டாட்டி குரல் அப்படியே. அறுவை சிகிச்சை முடிந்தது, ஆனால் நீ கண் திறக்கவில்லை, மூன்று நாளாயிற்று என்றாள். "அப்பாவுக்குக் கேக்குதான்னு டாக்டருக்கே தெரியல அத்தை. கேக்கலாம், கேக்காமலும் இருக்கலாமாம். பேசிட்டே இருங்கங்கிறாங்க." நீங்க ஏதாவது எழுதினா நான் படிச்சுக் காட்டுறேன் என்றாள்.

போனில் என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பொண்ணே, படிக்கும்போது நடுவில் நிறுத்தாதே. உனக்கு அழுகை வந்தாலும் படித்து முடி. உங்க அப்பாவின் வலது காது பக்கம் உட்கார், இடது காது சின்ன வயதிலிருந்தே மந்தம்.

தம்பி, நான் எழுதியது பொய்தான். நீ கண்டுபிடித்தாய். உன்னிடம் எப்போதும் எனக்குப் பொய் ஒட்டியதில்லை. ஆனால் நீ கண்டுபிடிக்காத பொய் ஒன்று இருக்கிறது. அதை விசாரணையில் சொல்லவில்லை, சின்னவளிடம் சொல்லவில்லை, என்னிடமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று உன் வீட்டிலிருந்து பால் பாத்திரத்தோடு திரும்பிப் படகுத்துறைக்குப் போனேன். உன் மருமகன் அப்போதுதான் பலகையில் பன்னிரண்டு என்று எழுதி முடித்திருந்தான். கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. மேலேயிருந்து மூன்றாவது படியில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க்கரைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஏழரைக்குள் போக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் கையில் கட்டிய கோழி இரண்டு.

"அம்மா, தண்ணி நிறம் சரியில்ல. சத்தமும் வேற மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் பாத்துட்டு எடுக்கவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினோரு வருஷமா அளக்குறவனைவிட நீ பெரிய அறிவாளியா? மாமா போய்ப் பாத்துட்டு வந்துதான் எழுதியிருக்கான். சனம் நிக்குதுல்ல, எடு."

மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்று என் வாயால் சொன்னேன். உன் வாசலைத் தாண்டி வந்து அரை மணிகூட ஆகவில்லை. செருப்பு காய்ந்திருப்பதை அப்போது நான் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? அப்படியானால் செருப்பை எப்போது பார்த்தேன்? அவனைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகா, விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகா? அந்தச் செருப்பு எனக்கு வேண்டியிருந்தது, தம்பி. அது இல்லையென்றால் படியில் நின்றவனிடம் எடு என்று நான் சொன்னது மட்டும்தான் மிச்சம்.

அதற்காக நீ போனாய் என்றும் ஆகிவிடாது. எல்லா நாளும் போகிறவன் இன்றைக்கும் போயிருப்பான் என்று நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். உன் நாற்பத்தாறு நாளைத்தான் நானும் நம்பினேன். அவன் ஒருத்தன்தான் அன்று தண்ணீரைப் பார்த்தான். கண்ணால் பார்த்தான், காதால் கேட்டான். நாம் இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுத் தன் கண்ணை விட்டுவிட்டான். வாயை மூடிக்கொண்டு கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் படகில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வையும்போது அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நீ போனாயா என்று எனக்குத் தெரியாது. உன்மேல் ஆணையாகத் தெரியாது. போனாய் என்று எழுதினால் நீ சிரிப்பாய், போகவில்லை என்று எழுத இனி எனக்கு வாய் இல்லை. விசாரணையில் தெரியாது என்ற இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்காது. என் பிள்ளையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் இருந்திருப்பான். அவன் சிரிப்பு நினைவிருக்கிற ஆள் உலகத்தில் நாம் மூன்று பேர்தான், அதில் சின்னவள் பாதியை மறந்துவிட்டாள்.

நாளை காலை பஸ் ஏறுகிறேன். சின்னவள் கூட வருகிறாள், தனியாக விட மாட்டாளாம். கடிதம் எனக்கு முன்னால் வருமா, நான் முன்னால் வருவேனா தெரியவில்லை. நான் முதலில் வந்தால் நானே படித்துவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நேரமாகும். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு படிப்பேன்.

அக்கா